ஆறாம் எண், தடித்த கம்பி

ஞாயிற்றுக்கிழமை நிமிர்ந்துபோன முள்ளை
எடைச்சீட்டில் மடித்து எடுத்து வந்தேன்.
ஒரு காலத்தில் வளைந்திருந்த அடையாளமே இல்லை.
தையலூசி என்றால் நம்பலாம்,
கண்கூட இருக்கிறது.

பீடோர் பெரிய சாலையில்
உரமூட்டைக்கும் சைக்கிள் டியூபுக்கும் நடுவே
கண்ணாடிப் பெட்டி நிறைய முட்கள்.
"புருஷனுக்கா?" என்றாள் ஹுய் ஷான்.
"மீனுக்கு."
அவள் சிரித்து முடிப்பதற்குள்
இரண்டு பேர் பெயிண்ட் வாங்கிப் போய்விட்டார்கள்.

எண் கூடினால் முள் சிறுக்கும்.
இந்தக் கணக்கு பிடிபட
எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.
நான் பிழைக்கும் எண்கள் அப்படியல்ல.
மில் வாசல் எடைமேடையில்
லாரி ஏறினால் சிவப்பு எண் ஏறும்,
குலையைக் கொட்டிவிட்டு வந்தால் குறையும்,
கழித்து அச்சடித்துக் கொடுப்பேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
அந்த இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது.
என்னையே ஒருநாள் அறுபது என்கிறது,
ஒருநாள் எழுபது.

இங்கே கால் கிராமுக்கு அல்லாடுகிறேன்.

லாரி குலுங்கும் வளைவில்
உதிரிப்பழம் வாய்க்காலில் விழும்.
வாய்க்கால் பழைய ஈயக்குட்டையில் போய் விழும்.
அங்கே ரோகு,
மத்தியான வெயிலில் உதட்டை நீட்டிக்கொண்டு.
செம்பனை தின்று பழகியதற்குப் புழு எதற்கு?
அறுந்த சிலிப்பரின் ஆரஞ்சு ரப்பரைக் கத்தரித்து
தலையில் மார்க்கரால் கறுப்பு தடவி
நூலால் இறுக்கினால் பொய்ப்பழம்.
கட்டுவது அரைமணி வேலை.
எதன்மேல் கட்டுவது என்பதில்தான்
வாரம் போகிறது.

மெல்லிய கம்பியில் கட்டினால்
மிதந்துகொண்டே இருக்கும்.
மீறி ஒரு ரோகு கவ்வினாலோ, இதோ, தையலூசி.
நாலாம் எண் கல்லாக இறங்கும்.
நீளத் தண்டு ரப்பருக்குப் பின்னால் துருத்தும்;
வால் வைத்த பழத்தை
எந்த மீனும் பார்த்ததில்லை.
வாய் குறுகிய முள்ளில்
ரப்பரே வாயை அடைத்துக்கொள்ளும்,
மீனின் உதட்டுக்கு இடமிருக்காது.

ஹுய் ஷான் கோப்பிக் கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தாள்.
ஒவ்வொரு முள்ளாக ரப்பரில் செருகிப் போட்டோம்.
ரசீதுக்கு நின்ற டிரைவர் தணிகைவேலு
"என்ன, மருந்தா?" என்று எட்டிப் பார்த்து
பிறகு அவராகவே
கைப்பேசியில் நொடி எண்ணத் தொடங்கினார்.

மிதந்தது.
மிதந்தது.
முழுகியது.
"இதுக்கு ஈயக்குண்டே கட்டலாமே" என்றார்.

தராசுக்கு முள், கடிகாரத்துக்கு முள்,
பழம் வெட்டுகிறவர் உள்ளங்கையில்
செம்பனை மட்டை முள்,
மீனுக்குள்ளே ஒன்று, மீனுக்கு வெளியே ஒன்று.
எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் என்று
ஹுய் ஷானுக்கு மலாயில் சொல்லப்போய்
பாதியில் விட்டுவிட்டேன்.
அவள் அடுத்த பொட்டலத்தைப் பிரித்திருந்தாள்.

ஆறாம் எண். தடித்த கம்பி.
தண்டு குட்டை, வாய் அகலம்.
விட்டதும் ஒரு மூச்சு தயங்கி
நிஜப்பழம்போலச் சாய்ந்து,
அவசரமில்லாமல்
கிளாஸின் அடிக்குப் போனது.
"நாலு நொடி" என்றார் தணிகைவேலு,
தானே பிடித்த மாதிரி.

பத்து முள் பன்னிரண்டு வெள்ளி.
அங்கேயே குறடு வாங்கி
எதிர்முட்களை அமுக்கினேன்.
"அப்ப மீன் கழண்டு போகுமே?"
"கயிறு தளர்ந்தா போகும்."
"தளர்ந்தா?"
"போகட்டும், எனக்குத்தானே வலிக்கும்."
அவர் ரசீதை மறந்து கிளம்பினார்,
திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

நிமிர்ந்த முள்ளை ஹுய் ஷான் கேட்டு வாங்கினாள்.
கைப்பேசியின் சிம் துளைக்குள்
அளவெடுத்ததுபோல் போனது.

இரண்டு மணி ஷிஃப்ட்.
அவருடைய லாரிதான் முதலில் ஏறியது.
ஓரத்துக் குலையிலிருந்து ஒரு பழம் நழுவி
மேடைக்கு வெளியே உருண்டது.
எண் அசையவில்லை.
சீட்டைக் கொடுத்துவிட்டு
இறங்கிப்போய் எடுத்துவந்தேன்,
மாதிரிக்கு.

கறுப்பு
இன்னும் கொஞ்சம் கீழே வரவேண்டும்.